இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

ஒன்பதடி அகலம், ஆறடி உயரம்.
அவ்வளவையும் இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்குள்
சிவப்பாக்கி முடிக்கவேண்டும், நானும் அஸ்மீரும்.
பிரதியில் இதற்கு ஒரேயொரு வரிதான்:
‘ஓவியரும் உதவியாளரும் துணிக்கு அடிவர்ணம் பூசுகிறார்கள்.
பேச்சில்லை.’

பகலில் நான் தண்ணீர்ச் சபைக்கு மானி வாசிப்பவன்.
கல்லடி, நாவற்குடா, படலைக்குப் படலை நாய்.
அஸ்மீர் காத்தான்குடியில் கைப்பேசி திருத்துகிறான்.
மயிரளவுக் கம்பியை மூச்சுவிடாமல் ஒட்டுகிற கை
நாலங்குலத் தூரிகையைப் பிடித்ததும்
உயிர்மீனைப் பிடித்ததுபோல் துள்ளுகிறது.

நாடகத்து ஓவியர் வேறு கண்டம், வேறு குளிர்.
முட்டையும் பசையும் பொடியும்
அப்படித்தான் அந்தக் காலத்தில் கலந்தார்களாம்.
காணொளி சொல்லிக்கொண்டே வந்து
‘சிவப்பு ஆழமாக வேண்டுமென்றால்’ என்ற இடத்தில்
சுழன்று நின்றுவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது செங்காவிப் பொடி.
“கேற்றுக்கா, வள்ளத்துக்கா?” என்றார் கடைக்காரர்.
“நாடகத்துக்கு.”
“மறுகா என்னத்துக்கு ரெண்டு வாளி?”
துணி மருதமுனைத் தறியில் நெய்தது.
கரை வைக்காதீர்கள், பூப் போடாதீர்கள் என்று
கெஞ்சி வாங்கியது. ஒன்றே ஒன்று.

தோளிலிருந்து பூசு, மணிக்கட்டால் அல்ல, என்கிறாள் கோகுலறஞ்சனி.
விளிம்பை நினைக்காதே.
ஈரம் ஈரத்தைச் சந்திக்கவேண்டும்.
கச்சான் அடிக்கிற மாதம்.
ஈரம் ஈரத்தைச் சந்திக்குமுன்
ஜன்னலால் வந்து காற்றுக் குடித்துவிடுகிறது.
ஜன்னலைச் சாத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம்.
முதல் நாள் ஒன்பது நிமிடம்.
ஐந்தாம் நாள் நாலரை, நடுவில் ஒரு கண்ணிமை அளவு வெள்ளை.

“சொட்டட்டும்,” என்றாள் ஆறாம் நாள்.
“வழிகிறதை வழியவிடு. ஓவியர் விடுவார்.”
சரி என்றேன். கை கேட்கவில்லை.
சீமெந்துத் தரையில் ஒரு சொட்டு விழுந்ததும்
குந்தி, சாரன் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பிரதியில் அப்படி இல்லை.
மற்றத் தலைப்பில் அஸ்மீரும் குந்தியிருந்தான்,
உள்ளங்கையால் தேய்த்தபடி,
தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகிக்கொண்டிருந்தது.
தொண்ணூறாம் ஆண்டு எனக்கு ஆறு வயது.
அவனுக்கு எத்தனையென்று நான் கேட்டதில்லை.
அவனும் கேட்டதில்லை.
கோகுலறஞ்சனி கடிகாரத்தை நிறுத்தினாள்.
வாளிக்கு மூடி தேடினாள், வெகுநேரம்.

ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும்
மண்டபக் கிணற்றடியில் துணியைக் கழுவுகிறோம்.
வாழைக்குப் போகிறது சிவப்புத் தண்ணீர்.
முழுதும் போவதில்லை.
எட்டாம் நாள் காயப்போட்டு நிமிர்ந்தபோது கண்டேன்:
ஒரு சிவப்புக்குப் பின்னால் இன்னொரு சிவப்பு,
சாத்திய அறைக்குள் ஆள் இருப்பதுபோல்.
“அந்தக் காணொளி இதைத்தான் சொல்ல வந்ததோ?”
“யாருக்குத் தெரியும்,” என்றான் அஸ்மீர், “டேட்டா முடிஞ்சுது.”

அரங்கேற்றத்தன்று மூன்று நிமிடம் ஐந்து விநாடி.
இருமல், ஒரு குழந்தை, பிறகு ஒன்றுமில்லை.
என் பக்கம் ஒரு சொட்டு விழுந்தது.
அஸ்மீரின் கால் நகர்ந்து, நின்றது.
நான் என் கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.
ஓவியர் யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் நாவற்குடாவில் ஒரு வீட்டில்
“என்ன மனே, நகமெல்லாம் வெத்திலையா?” என்றாள் அந்த அம்மா.
குனிந்து மானியின் கண்ணாடியைத் துடைத்தேன்.
சின்னச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
எல்லாக் குழாயும் பூட்டித்தான் கிடக்கு என்றாள்.
எங்கேயோ கசியுது அம்மா, என்று சொல்லி
எண்ணை எழுதிக்கொண்டேன்.